61 கீ கீபோர்டா, 88 கீ டிஜிட்டல் பியானோவா?

ஆபீஸ் முடிஞ்சு வந்து பியானோ கத்துக்கணும்னு ஆசை, எதை வாங்குறதுன்னு குழப்பம், அப்படித்தானே?

காசு: கீபோர்டு 10-15 ஆயிரத்துல முடிஞ்சிடும். வெயிட்டட் கீ (நிஜ பியானோ மாதிரி கனமான கீ) இருக்குற டிஜிட்டல் பியானோ 40 ஆயிரத்துக்கு மேல, ஸ்டாண்டு பெரும்பாலும் தனிச்செலவு.

இடம்: கீபோர்டு 4-5 கிலோதான், வாசிச்சிட்டு கட்டிலுக்கு அடியில தள்ளிடலாம். டிஜிட்டல் பியானோ பெரும்பாலும் 11 கிலோ பக்கமோ அதுக்கு மேலயோ இருக்கும், வச்ச இடத்துலதான் கிடக்கும்.

விரல்: இதுலதான் விஷயமே இருக்கு. நிஜ பியானோல கீயை அமுக்கினா உள்ள சுத்தியல் போய் கம்பியை அடிக்கும், அந்த கனத்தை வெயிட்டட் கீ கிட்டத்தட்ட கொடுக்கும், கீபோர்டு கீ ஸ்பிரிங் மாதிரி லொடலொடன்னு இருக்கும், நான் ரெண்டு வருஷம் அதுலயே பழகிட்டு ஒரு நாள் நிஜ பியானோல உக்காந்தா சுண்டுவிரல் அமுக்குன நோட்டு பாதி கேக்கவே இல்ல!

ரெண்டுலயும் ஹெட்போன் போடலாம், ராத்திரி வீட்ல திட்டு விழாது.

சினிமா பாட்டு, ரிதம் போட்டு ஜாலியா வாசிக்கணும்னா கீபோர்டே போதும், டச் சென்சிட்டிவ் (மெதுவா அமுக்கினா மெதுவா, வேகமா அமுக்கினா சத்தமா கேக்குறது) இருக்கான்னு மட்டும் பாருங்க. பாக், ஷோபான் மாதிரி வெஸ்டர்ன் கிளாசிக்கல் பக்கம் போறவங்க, டிரினிட்டி காலேஜ் நடத்துற பியானோ கிரேடு பரீட்சை எழுதணும்னு நினைக்கிறவங்க கொஞ்சம் காசு சேத்து 88-க்கே போயிடுங்க.