மாமரத்தடிக்கு மாண்டோ கிராஸ், ஒரு வருஷம் வளத்து பாத்தாச்சு

லாஸ்பேட்டைல எங்க வீட்டு பின்னாடி பெரிய மாமரம், அது நெழல்ல எந்த புல்லும் நிக்காது, கொரியன் கிராஸ் ரெண்டு தடவ போட்டு ரெண்டு தடவயும் மஞ்சளாகி போச்சு. போன வருஷம் ஈசிஆர் பக்கம் ஒரு நர்சரில மாண்டோ கிராஸ் வாங்கினேன். 100 கவர் கேட்டேன், "எதுக்குக்கா அவ்ளோ, 40 எடுத்துட்டு போங்க, பிரிச்சு நட்டுக்கலாம்"னு அந்த பெரியவரே சொன்னாரு. யாவாரத்த கொறைச்சுக்கிட்டு இப்படி சொல்றவங்கள எங்க பாக்குறோம்!

பேருதான் கிராஸ், ஆனா இது புல்லே இல்லங்க, நம்ம தண்ணீர்விட்டான் கிழங்கு குடும்பம். கவர கிழிச்சு மண்ண உதறுனா வேர்ல வெள்ளையா கடலைப்பருப்பு மாதிரி குட்டி குட்டி கிழங்கு தொங்குது, ஒரு கவர்லயே நாலஞ்சு கொத்து தனியா வந்துச்சு. செம்மண்ணு, மணல், மக்குன சாணி கலந்து ஒரு ஜாண் எடைவெளில நட்டேன்.

பொறுமை வேணும், ரொம்ப மெதுவாத்தான் படரும், முழுசா மூட எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. ஆனா மூடிட்டா அவ்ளோ அழகு, கரும்பச்சையா தலமுடி சாஞ்ச மாதிரி, வெட்டவே வேணாம், கத்திரி வெயில்லயும் நெழல்ல அப்படியே பச்சையா இருந்துச்சு. மாஞ்சருகு உள்ள மாட்டிக்கும், அத மட்டும் கையாலதான் பொறுக்கணும்.

ஒரே வருத்தம், வாசல் கேட் பக்கமும் வைக்கலாம், வெயில் தாங்கும்னு கடை பையன் சொன்னான், அத நம்பி வச்சேன். மத்தியான வெயிலும் எங்க உப்பு போர் தண்ணியும் சேந்து நுனியெல்லாம் கருகி ஒரே மாசத்துல காஞ்சு போச்சு. இத சரியா சொல்லி குடுத்திருக்கணும், வாங்குறவங்க காசும் ஒழைப்பும் வீணாகுதுல்ல.

இப்ப அங்க வெட்டிவேர் வச்சிருக்கேன். கடலூர் நொச்சிக்காடு பக்கம் கடலோர மணல்ல அத பயிராவே போடுறாங்க, எங்க சித்தி அங்கருந்து நாத்து குடுத்தனுப்புனாங்க, வேர் பக்கத்துல பரவாம நேரா கீழ எறங்குறதால சுவருக்கும் தொந்தரவு இல்ல. வெயிலுக்கு அதுதான்.

நெழலுக்கு மாண்டோ, கண்ண மூடிட்டு வாங்கலாம், 5க்கு 4 குடுப்பேன். தண்ணி தேங்குற எடம்னா மட்டும் மண்ண மேடாக்கிட்டு நடுங்க, ஐப்பசி மழைல எங்க வீட்ல ஒரு மூலை அழுகியே போச்சு.