ஸ்கின்ட்ரெக்ஸ் சிஜி-5 ஈர்ப்புமானி: எரிமலை வேலைக்குத் தேறுமா?

சிஜி-5-ஐக் கனிமத் தேடலுக்கு வாங்குகிறவர்கள்தான் அதிகம். அந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். எரிமலைக்கு வாங்குகிறவர் கேட்க வேண்டியது வேறு: ஓராண்டு கழித்து அதே புள்ளியில் வைத்தால், 10, 20 மைக்ரோகால் வித்தியாசத்தை நம்பலாமா? ஒரு மைக்ரோகால் என்பது புவியீர்ப்பில் ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு பங்கு. நம்பலாம், வழியில் கருவியைச் சாயவிடாமல் கொண்டுபோயிருந்தால்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்பதற்கு ஹவாயின் கிலாவெயா எரிமலையே பதில். ஜிபிஎஸ்ஸும் செயற்கைக்கோள் ரேடாரும் தரை ஏறியதா இறங்கியதா என்று சொல்லும். அடியில் எவ்வளவு நிறை சேர்ந்தது என்பதை ஈர்ப்புதான் சொல்லும். 1975 நவம்பரில் 7.7 அளவு நிலநடுக்கம் வந்தபின் கிலாவெயாவின் சிகரம் பல ஆண்டுகள் தாழ்ந்தது. தரையை மட்டும் பார்த்தால் மேக்மா (அடியிலுள்ள பாறைக்குழம்பு) வடிந்துவிட்டது என்றே படும். ஆனால் 1975-க்கும் 2008-க்கும் இடையே, தரை தாழ்ந்ததால் கூடிய ஈர்ப்பைக் கழித்த பிறகும், சிகரத்திலுள்ள ஹலேமவுமவு பள்ளத்தின் ஓரத்தில் ஏறத்தாழ 450 மைக்ரோகால் கூடுதலாக நின்றது. நடுக்கத்தில் உண்டான வெற்றிடங்களுக்குள் மேக்மா நிரம்பிவந்தது என்று அதை விளக்குகிறார்கள். 2008 மார்ச்சில் அந்தப் பள்ளத்திலேயே எரிமலைவாய் திறந்தது.

இனி கருவி. வெற்றிட அறைக்குள், மாறாத வெப்பநிலையில், குவார்ட்ஸ் ஸ்பிரிங்கில் தொங்கும் சிறு எடை. மொத்தம் 8 கிலோ. திரையில் 1 மைக்ரோகால் வரை காட்டும். தயாரிப்பாளர் சொல்லும் துல்லியம் 5 மைக்ரோகாலுக்குள். பழைய லகோஸ்ட்-ராம்பெர்க் ஈர்ப்புமானியில் கண்ணை வைத்து டயலைத் திருப்ப வேண்டும். ஆளுக்கு ஆள் அளவு மாறும். அந்தத் தொல்லை இதில் இல்லை. பணம் கொடுக்க இது ஒன்றே போதிய காரணம்.

பெரிய குறை சாய்வு. 2014-இல் வெளியான ஓர் ஆய்வு பல சிஜி-5 கருவிகளைச் சோதித்துக் காட்டியது: சில பாகை சாய்ந்த நிலையில் கொஞ்ச நேரம் பயணம் செய்தாலே, பிறகு மட்டம் பார்த்து வைத்தாலும் அளவு பத்துக்கணக்கான மைக்ரோகால் தள்ளிப்போகிறது. சரியாக மணிக்கணக்கில் ஆகலாம். இதில் ஆபத்து என்னவென்றால், திரையில் வரும் திட்டவிலக்கம் (அளவுகளின் சிதறல்) அழகாகவே இருக்கும், பிழையைக் காட்டிக்கொடுக்காது. கார் இருக்கை பின்பக்கம் சரிந்திருப்பதால், கருவியோடு வரும் பெட்டியில் வைத்தாலும் சாயும். பெட்டிக்கு அடியில் கட்டை கொடுத்து நிமிர்த்துங்கள், மூடிமேல் ஒரு ரசமட்டம் ஒட்டிவிடுங்கள். முதுகில் சுமந்து ஏறுபவர் முன்னால் குனிவார். ஏற்றத்தில் கையில் தொங்கவிட்டுப் போவதே மேல். பழைய கருவி வாங்கினால், அரைமணி நேரம் சாய்த்து வைத்து, பிறகு முக்காலியில் நிறுத்தி, அளவு எவ்வளவு நேரத்தில் பழைய இடத்துக்கு வருகிறது என்று வரைந்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

பேட்டரி முழுதாக இறங்க விடக்கூடாது. உள்வெப்பம் ஆறிவிட்டால், மீண்டும் இரண்டு நாளாவது மின்னிணைப்பில் விட்ட பிறகே நுண்ணளவுக்கு எடுக்க வேண்டும். ஸ்பிரிங் நாளுக்கு நாள் நீளும், அதனால் அளவும் தானாக நகரும். கருவி கழித்ததுபோக மிஞ்சும் நகர்வு நாளைக்கு 20 மைக்ரோகால் வரை இருக்கலாம். ஆகவே எரிமலையின் அசைவு எட்டாத தளத்தில் தொடங்கி, அன்றே அங்கு திரும்பி முடியுங்கள். நடுவில் சில புள்ளிகளையாவது இருமுறை அளக்க வேண்டும். ஒரு புள்ளிக்கு 60 விநாடி அளவுகள் ஐந்தாறு. முதல் ஒன்றிரண்டு பெரும்பாலும் தள்ளுபடிதான். காற்றுக்கு மறைப்பு அவசியம்.

முக்காலியின் உயரம் ஒவ்வொரு முறையும் மாறும். 1 செ.மீ.க்கு 3 மைக்ரோகால் போய்விடும், அதனால் தரையிலுள்ள குறியிலிருந்து கருவி வரை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். உலக நேரத்துக்கும் உள்ளூர் நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டின் கூட்டல்-கழித்தல் குறியைத் தவறாகக் கொடுத்தால், நிலவும் சூரியனும் இழுப்பதைக் கழிக்கும் அலைத்திருத்தம் பிழையாகிவிடும். கருவி கழித்த அளவு கோப்பிலேயே தனிப் பத்தியில் இருப்பதால் பின்னால் மீட்டுக்கொள்ளலாம். நிலத்தடி நீரை அப்படி மீட்க முடியாது. 10 விழுக்காடு நுண்துளையுள்ள பாறையில் நீர்மட்டம் 1 மீட்டர் ஏறினால் 4 மைக்ரோகால் கூடும். பக்கத்தில் கிணறு இருந்தால் அதையும் அளந்துகொண்டு வாருங்கள். ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் போவது இன்னும் நல்லது.

அடுத்து வந்த சிஜி-6 5.2 கிலோதான். நடந்தே ஏற வேண்டிய மலைக்கு அதைத்தான் சொல்வோம். அதுவும் குவார்ட்ஸ் ஸ்பிரிங்தான் என்பதால் ரசமட்டத்தைக் கழற்ற வேண்டாம்.