இறாலைத் தவிர வேறெதையும் தொடாத எங்கள் ஆமை

2020 தொடக்கத்தில் மீன்தொட்டிக் கடையில் வாங்கினோம். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள செங்காது ஆமை. அப்போது தீப்பெட்டி அளவு, இன்று என் இரண்டு உள்ளங்கையையும் நிறைக்கிறது. கூடவே கொடுத்த காய்ந்த கூனி இறால் டப்பாவில்தான் சிக்கல் தொடங்கியது. டப்பாவைக் குலுக்கினாலே ஓடி வரும். கீரையைப் போட்டால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். இரண்டு வருடம் இப்படியே போனது. ஒருநாள் ஓட்டின் ஓரத்தை விரலால் தொட்டபோது லேசாக அமுங்கியது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

மிருக வைத்தியர் பார்த்துவிட்டு, கல்சியம் போதவில்லை, வெயிலும் படவில்லை என்றார். இந்த ஆமைகள் குட்டியில் பூச்சி, புழு, மீன் என்று தின்னும். வளர வளர இலை தழைதான் அதிகம் வேண்டும்.

அவர் கேட்ட ஒரு கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை: "தண்ணீர் எத்தனை பாகை?" நாங்கள் இருப்பது இலங்கையின் நுவரெலியா, 1,868 மீற்றர் உயரம். தை மாதத்தில் விடியற்காலைப் புல்லில் உறைபனி படியும். வெப்பமானியை விட்டுப் பார்த்தால் தொட்டித் தண்ணீர் 16 பாகை. ஆமை தன் உடம்பில் தானே சூடு உண்டாக்கிக்கொள்ளாது. குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும், பசியும் அடங்கிவிடும். நான் அடம் என்று நினைத்ததில் பாதி குளிர்! ஹீட்டர் போட்டு 26 பாகையில் வைத்தேன், ஒரு வாரத்தில் சுறுசுறுப்பு வந்தது. 2022 பங்குனியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது, தொட்டியைக் கம்பளியால் சுற்றி, சுடுதண்ணீர்ப் போத்தலை உள்ளே மிதக்கவிட்டுச் சமாளித்தோம்.

அப்புறம்தான் கீரை. கூனியை வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் பொடியாக நறுக்கிய கங்குனைப் பிரட்டிப் போட்டேன். பதினோராம் நாள் ஒரு துண்டைக் கவ்வியது. முன்னங்கால் நகத்தால் இலையைக் கிழித்து, தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி விழுங்கியது (தண்ணீர் இல்லாமல் இவற்றால் விழுங்க முடியாது). மகள் மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊறல் தண்ணீரை நாளுக்கு நாள் குறைத்தேன். மூன்று மாதத்தில் வெறும் கீரையே தின்றது.

இப்போது கங்குன், வீட்டுச் சட்டியில் வளரும் வல்லாரை, கொஞ்சம் துருவிய கரட். கரட்டின் விற்றமின் ஏ கண்ணுக்கு நல்லது. பசளிக் கீரை எப்போதாவதுதான், அதிலுள்ள ஒக்சலேற் கல்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சலாது இலை பெரும்பாலும் தண்ணீர், அதை நம்ப வேண்டாம். பெலட் (கடையில் விற்கும் ஆமைத் தீனி உருண்டை) வாரத்துக்கு இரண்டு நாள், கூனி ஞாயிறு மட்டும். கல்சியத்துக்குக் கணவாய் ஓட்டுத் துண்டு ஒன்று எப்போதும் மிதக்கும். இங்கே மரக்கறிக்குப் பூச்சிமருந்து நிறைய அடிக்கிறார்கள், நன்றாக அலசாமல் போடாதீர்கள். வெயிலையும் கண்ணாடிக்குள் இருந்து காட்டிப் பயனில்லை, வேண்டிய புறஊதாக் கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும். பேசினில் வைத்து, பாதிக்கு நிழல் போட்டு, வெளியே கொண்டுபோகிறேன்.

குறை என்றால் மின்கட்டணமும் அடிக்கடி தண்ணீர் மாற்றுவதும். சலிப்பு வந்தாலும் எங்கள் ஊர்க் கிரகரி வாவி மாதிரி இடத்தில் விட்டுவிடாதீர்கள், உள்ளூர் ஆமைகளின் இடத்தையும் இரையையும் இது பிடித்துக்கொள்ளும்.

ஓட்டின் நடுவே, கூனி மட்டும் தின்ற காலத்து மேடு அப்படியே இருக்கிறது, அது மாறவில்லை. அதைச் சுற்றி அதற்குப் பிறகு வளர்ந்த பகுதி மட்டும் வழவழப்பாக, அழுத்தினால் அமுங்காமல் இருக்கிறது.