கறளை உரஞ்சி எடுக்காமல் காப்பாற்றித் தந்த பட்டறை

சைக்கிள் பிறேமில் உள்ள கறளை அப்படியே வைத்துவிட்டு, அது இன்னும் இரும்பைத் தின்னாமல் மட்டும் செய்து தாருங்கள் என்று கேட்டால், பெரும்பாலான கடைகளில் ஒருமாதிரிப் பார்க்கிறார்கள். பரந்தன் பக்கம் ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே உள்ள ஒரு சின்ன வெல்டிங் பட்டறை ஐயாதான் "ஏன் தம்பி?" என்று கேட்டு, நான் சொன்னதை முழுதாகக் கேட்டார்.

அது அப்பாவின் லுமாலா சைக்கிள். 2009இல் விட்டுவிட்டுப் போனோம், 2011இல் காணிக்குத் திரும்பியபோது கிணற்றடிப் பற்றைக்குள் கிடந்தது. பெயின்ற் ஒரு பொட்டும் இல்லை, முழுக்கச் செம்மண் நிறம். அந்த நிறத்தோடேயே ஓட வேண்டும் என்பது என் ஆசை. ஐயா ஒவ்வொரு குழாயாகத் தட்டிப் பார்த்தார். பின் சில்லைத் தாங்கும் இரண்டும் பெடல் அச்சுக்குக் கிட்ட உக்கிப் போயிருந்தன, அவற்றை வெட்டிப் புதுக் குழாய் வைத்து ஒட்டித் தந்தார். ஒட்டு அவ்வளவு சுத்தம். மினுங்கிக்கொண்டு நின்ற புதுக் குழாய்களுக்கு நானே வினாகிரியும் உப்பும் பூசிக் கறள் ஏற்றினேன், மூன்று நாளில் பழையதோடு சேர்ந்துவிட்டது.

மாரி முடியட்டும், பிறகு எண்ணெய் போடுவோம் என்றார் ஐயா. எனக்குப் பொறுமை இல்லை. கார்த்திகை மழைக்குள் வேறொரு கடையில் கொடுத்து, நிறமில்லாத கிளியர் ஸ்பிறே அடித்தேன், 9000 ரூபா. கழுவவும் இல்லை, காயவைக்கவும் இல்லை, கொண்டுபோன அன்றே அடித்துத் தந்தார்கள். தைப்பொங்கலுக்குள் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. கறள் பஞ்சு மாதிரி, ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், மிச்சம் கிடந்த உப்பு இன்னும் ஈரத்தை இழுக்கும், மேலே கிளியரை அடித்து மூடினால் உள்ளே புதுக் கறள் வளரும், அதற்கு இரும்பை விடக் கூடுதல் இடம் வேண்டும், அதனால் படலத்தைத் தூக்கிவிடும். எல்லாவற்றையும் ஐயாதான் பிறகு விளக்கினார். ஏச்சு ஒன்றும் இல்லை.

பங்குனியில் அவரே கிளியரை நீக்கி, நல்ல தண்ணீரில் மூன்று தரம் கழுவி, உதிர்கிற கறளை மட்டும் கம்பித் தூரிகையால் தட்டிவிட்டு, இரண்டு நாள் வெயிலில் வைத்தார். அப்புறம் காய்ச்சிய லின்சீட் ஒயிலில் (ஆளிவிதை எண்ணெய்) டர்பன்டைன் கலந்து சீலையால் பூச்சு. கொஞ்ச நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும், ஒரு நாள் விட்டு அடுத்தது, மொத்தம் மூன்று. இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்துத்தான் இறுகும், தடிப்பாகப் பூசினால் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். காய்ச்சாத எண்ணெயை வாங்கிவிடாதீர்கள், அது இறுகவே நாளெடுக்கும். எனக்கு மிகவும் பிடித்தது, சீற் கம்பி ஓட்டையால் உள்ளேயும் எண்ணெய் விட்டு, பிறேமைத் திருப்பித் திருப்பி வடியவிட்டது. வெளியே எவ்வளவு பூசினாலும் பிறேம் உள்ளிருந்துதான் ஓட்டையாகும். எண்ணெய்ச் சீலையைக் கசக்கி மூலையில் எறிந்துவிடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். ஐயா தண்ணீர் வாளிக்குள் போட்டுவிடுகிறார்.

எண்ணெய் வேலைக்கு 4000 ரூபா எடுத்தார். நிறம் கொஞ்சம் கறுத்து, செம்மண் நனைந்தது போல ஆகியிருக்கிறது, எனக்கு அது இன்னும் பிடித்திருக்கிறது. கறளை மாற்றும் மருந்து என்று ஹாட்வெயாரில் ஒன்று தருவார்கள், அது கறளையே கறுப்பாக்கிவிடும், நிறம் வேண்டுமென்றால் தொடவேண்டாம்.

ஒரு மாரி கடந்துவிட்டது. மகள் வெள்ளை யூனிபோமோடு பாரில் ஏறிப் பள்ளிக்கூடம் போகிறாள், சட்டையில் ஒரு கறையும் இல்லை. ஆனால் இது ஒருமுறை செய்து மறக்கிற வேலை இல்லை. வருடாவருடம் ஐப்பசி மழைக்கு முன் ஒரு பூச்சுப் போடவேண்டும், முல்லைத்தீவுக் கரையோரம் உள்ளவர்கள் உப்புக்காற்றுக்கு இரண்டு தரமாவது கழுவிப் பூசுங்கள். அடுத்த புரட்டாசிக்கு வரச்சொல்லி ஐயா பட்டறைச் சுவரில் சோக்கட்டியால் என் பெயரை எழுதி வைத்திருக்கிறார்.