‘18 கேஜ், 6 மி.மீ.’ என்று மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள்: செயின்மெயில் கிட் வாங்கி ஏமாந்த கதை

செயின்மெயில் நகை, அதாவது சிறு உலோக வளையங்களை ஒன்றோடொன்று கோத்துப் பின்னும் நகை, செய்யப் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு என்று, எல்லாம் அடங்கிய ‘ஸ்டார்ட்டர் கிட்’ இணையத்தில் நிறைய விற்கிறது. அப்படி ஒன்றை வாங்கி நன்றாக ஏமாந்தேன். விற்றவரின் பெயரைப் போடப் போவதில்லை. இதே கிட் இதே படத்தோடு வேறு வேறு பெயர்களில் விற்கிறது. ஒரு பெயரைத் தவிர்த்துவிட்டு இன்னொரு பெயரில் அதையே வாங்கி வைப்பீர்கள். ஏமாற்று எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் பிரயோஜனம்.

விளம்பரத்தில் சொன்னது இது: ஸ்டெர்லிங் சில்வர் வளையங்கள், 18 கேஜ் (கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்), 6 மி.மீ. அளவு. பைசான்டைன் பின்னலில் ஒரு கைச்சங்கிலி செய்யப் போதுமான எண்ணிக்கை. இரண்டு குறடுகள். செய்முறைத் தாள் ஒன்று. விலையும் வெள்ளி விலைதான், ஆகவே மலிவுக்கு ஆசைப்பட்டதால் வந்த வினை என்று யாரும் சொல்ல முடியாது.

வந்ததில் உருப்படியாக இருந்தது செய்முறைத் தாள் ஒன்றே. படங்கள் தெளிவு, வரிசை சரி. அதனால்தான் சிக்கல் பிடிபட நேரமாயிற்று. தாளில் உள்ளபடியே செய்கிறேன், பின்னல் நிற்கவே இல்லை.

பைசான்டைன் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இரண்டு இரண்டாக மூன்று ஜோடி வளையங்களைக் கோத்து, கடைசி ஜோடியை இரு பக்கமும் பின்னால் மடக்கி, நடு ஜோடியைச் சற்றே விலக்கி, மடங்கிய வளையங்களின் நுனி தெரியும் அந்த இடுக்கில் அடுத்த ஜோடியை நுழைக்க வேண்டும். மடக்கிய வளையங்கள் அங்கேயே பூட்டிக்கொள்வதில்தான் பின்னலின் அழகு முழுவதும் இருக்கிறது. என் கையில் அவை பூட்டிக்கொள்ளவில்லை. மடக்குகிறேன், சரிந்து பழைய இடத்துக்கே போகின்றன. எப்படியோ கொஞ்ச நீளம் பின்னி முடித்தால், முடிச்சு முடிச்சாக உருண்டு நிற்க வேண்டிய சங்கிலி தொளதொளவென்று தொங்குகிறது. இந்த நிலையில் புதிதாகக் கற்கிற எவரும் தன் கையைத்தான் சந்தேகிப்பார். இந்த வியாபாரம் ஓடுவதே அந்தச் சந்தேகத்தை நம்பித்தான் என்பது என் கணிப்பு.

இனி அளவுக்கு வருவோம். செயின்மெயிலில் ஒரு பின்னல் நிற்குமா நிற்காதா என்பதைத் தீர்மானிப்பது வளையத்தின் உள்விட்டத்தைக் கம்பியின் தடிமனால் வகுத்தால் வரும் எண். ஆஸ்பெக்ட் ரேஷியோ என்பார்கள், விகிதம் என்றே வைத்துக்கொள்வோம். பைசான்டைனுக்கு இது 3.5-ஐ ஒட்டி இருந்தால் கச்சிதம். ஜென்ஸ் பிண்ட் என்கிற முறுக்குச் சங்கிலிக்கு ஏறக்குறைய 3 என்றே இருக்க வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் ஒத்துழைக்காது. ஒவ்வொரு வளையமும் நான்கு வளையங்களைக் கோக்கும் ஐரோப்பிய 4-இல்-1 பின்னல் அந்த வகையில் தாராளமானது, 3.5-இலிருந்து 5 வரை பொறுத்துக்கொள்ளும்.

இப்போது ‘18 கேஜ், 6 மி.மீ.’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கேஜ் அளவுமுறை ஒன்றல்ல. அமெரிக்க முறையில் 18 கேஜ் கம்பியின் தடிமன் 1.02 மி.மீ. பிரிட்டிஷ் முறையில் அதே 18 என்பது 1.22 மி.மீ. செயின்மெயில் வளையம் விற்பவர்கள் வெள்ளி, தங்கத்துக்கு அமெரிக்க முறையையும், செம்பு, அலுமினியம் போன்றவற்றுக்குப் பிரிட்டிஷ் முறையையும் சொல்வது பரவலான வழக்கம். அடுத்து, 6 மி.மீ. என்பது உள்ளளவா வெளியளவா? மணிகோர்க்கும் சாமான் விற்பவர்கள் பெரும்பாலும் வெளிவிட்டத்தைச் சொல்வார்கள், செயின்மெயில்காரர்கள் உள்விட்டத்தைச் சொல்வார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்க கேஜ், உள்விட்டம் 6 என்றால் விகிதம் 5.9. அதுவே வெளிவிட்டம் என்றால் 3.9. பிரிட்டிஷ் கேஜில் உள்விட்டம் 6 என்றால் 4.9, வெளிவிட்டம் என்றால் 2.9. ஒரே லேபிள், நான்கு வெவ்வேறு வளையங்கள்! 2.9-இல் பைசான்டைனுக்குள் அடுத்த வளையம் நுழையவே நுழையாது. 5.9-இல் எதுவும் பூட்டிக்கொள்ளாது. எனக்கு வந்தது அந்தக் கடைசி ரகம். அதிலும் ஒழுங்கில்லை. காலிப்பர் என்ற நுண் அளவுக் கருவியில் அளந்தால் உள்விட்டம் ஒன்றில் 5.6, இன்னொன்றில் 6.1 என்று ஆளுக்கு ஓர் அளவு. கம்பியைத் தண்டில் சுற்றி விட்டால் சுருள் கொஞ்சம் விரியத்தான் செய்யும், அது உலோகத்தின் இயல்பு. ஆனால் ஒரே கம்பியை ஒரே தண்டில் சுற்றினால் எல்லாம் ஒரே அளவுக்கு விரியும். ஒரே பையில் இவ்வளவு வித்தியாசம் என்றால், பல இடத்து மிச்சங்களைக் கொட்டிக் கலந்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

வாங்குவதற்கு முன்பே இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. விகிதம் என்பதால் படம் எத்தனை பெரிதாக இருந்தாலும் அது மாறாது. விளம்பரப் படத்தைத் திரையில் பெரிதாக்கி, நேராகத் தெரியும் ஒரு வளையத்தின் மேல் அளவுகோலை வைத்து, உள் ஓட்டையையும் கம்பித் தடிமனையும் அளந்து வகுத்தால் போதும். முடிந்த சங்கிலியின் படத்தில் எனக்கு மூன்றரை வந்தது. பையில் கிடந்த வளையங்களின் படத்தில் ஏறக்குறைய ஆறு. இரண்டும் ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் இருக்கின்றன. அந்தச் சங்கிலி அந்த வளையங்களால் செய்ததே அல்ல.

அடுத்தது வெட்டு. பழைய போர்க் கவசங்களில் வளையத்தின் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சிறு ஆணி அடித்து இணைப்பது உண்டு. நகையில் அதெல்லாம் கிடையாது, இரண்டு முனைகளும் முட்டிக்கொண்டு நிற்பதுதான் இணைப்பு. அதனால் முனை தட்டையாக இருந்தாக வேண்டும். மெல்லிய ரம்பத்தால் அறுத்த வளையத்தை மூடினால் இணைப்பு கண்ணுக்கே சரியாகத் தெரியாது. வெட்டுக்குறடால் நறுக்கியது கூரை மாதிரி கூம்பிப் போயிருக்கும். மூடினாலும் இடையில் ஒரு பள்ளம், அதன் ஓரத்தில் பிசிறு. தலைமுடி மாட்டும், துணியை இழுக்கும், தோலைக் கீறும். கிட்டில் இருந்தவை எல்லாமே நறுக்கியவை. விளம்பரத்தில் வெட்டு எப்படிப்பட்டது என்று ஒரு வார்த்தை இல்லை. ரம்பத்தால் அறுக்கக் கூடுதல் வேலை ஆகும், ஆகவே அப்படிச் செய்கிறவர்கள் அதைப் பெருமையாகவே எழுதுவார்கள். எழுதாமல் விட்டால் நறுக்கியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வளையங்கள் போதாமல் போனதற்கும் இதுதான் காரணம். நெளிந்ததையும் முனை நசுங்கியதையும் கழித்தால் மிஞ்சியதை வைத்து ஒரு மணிக்கட்டைச் சுற்ற முடியாது.

இதையெல்லாம் அசிரத்தை என்று மன்னிக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், உலோகத்தில் செய்தது அப்பட்டமான மோசடி. குறடு பட்ட இடங்களில் மேல்பூச்சு உரிந்து மஞ்சளாகத் தெரிந்தது. சந்தேகம் வந்து, வெட்டிய முனையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். சுற்றிலும் வெள்ளை, நடுவில் மஞ்சள். கம்பிக்கு முலாம் பூசிவிட்டு அப்புறம் நறுக்கினால் உள்ளே இருப்பது வெட்டுமுகத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

விற்றவரிடம் கேட்டதற்கு, “காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டாது, அசல் வெள்ளி” என்று பதில் வந்தது. காந்தம் ஒட்டவில்லைதான். பித்தளையிலும் ஒட்டாது, செம்பிலும் அலுமினியத்திலும் ஒட்டாது. காந்தம் ஒட்டினால் வெள்ளி இல்லை என்று சொல்லலாம். ஒட்டாததால் வெள்ளி என்று சொல்ல முடியாது.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துகொள்ள அடர்த்தி பார்க்க வேண்டும். கிராமில் ஒரு தசமம் காட்டும் சிறிய தராசு போதும். வளையங்களை முதலில் எடை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கிண்ணம் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, வளையங்களை நூலில் கோத்து, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க மூழ்கும்படி கையில் தூக்கிப் பிடியுங்கள். தராசு இப்போது எத்தனை கிராம் காட்டுகிறதோ அதுவே வளையங்களின் கன அளவு, கன சென்டிமீட்டரில். எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. வளையங்களுக்குள் காற்றுக்குமிழி சிக்கிக்கொண்டால் கணக்கு தப்பும், தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு நன்றாக ஆட்டிவிடுங்கள். 92.5 சதவீதம் வெள்ளி உள்ள ஸ்டெர்லிங்கின் அடர்த்தி 10.3, 10.4 அளவில் இருக்கும். 50 கிராம் ஸ்டெர்லிங் என்றால் தராசு 4.8 காட்ட வேண்டும். என்னுடைய 50 கிராமுக்கு 5.9 காட்டியது. அடர்த்தி 8.5 வருகிறது. உள்ளே தெரிந்த மஞ்சளையும் சேர்த்துப் பார்த்தால் பித்தளைக்கு வெள்ளிப் பூச்சு, அவ்வளவுதான்.

வெட்டுமுகம் வெள்ளையாக இருக்கிறதே என்று நம்பிவிடவும் வேண்டாம். ஜெர்மன் சில்வர், நிக்கல் சில்வர் என்ற பெயரில் வருவது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது. வெள்ளி அதில் துளியும் கிடையாது, ஆனால் உள்ளேயும் வெள்ளையாகவே இருக்கும். முலாம் பூசிய பொருளில் முலாமுக்கு அடியில் ஒரு நிக்கல் படலம் இருப்பதும் சகஜம். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தோல் சிவந்து அரிப்பு எடுக்கும். தோலில் படும் நகையிலிருந்து எவ்வளவு நிக்கல் கசியலாம் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 1994-இலேயே வரம்பு வைத்திருக்கிறது: வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராம். வெள்ளி என்று சொல்லி இதை விற்றால், அலர்ஜி இருக்கிறவர் தெரியாமலே அணிந்துகொள்வார். எனக்குப் பணம் போனதைவிட இதில்தான் கோபம்.

குறடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்பக்கம் வரிவரியாகப் பல் வெட்டிய குறடுகள். மின்வேலைக்கு ஆகும், நகைக்கு ஆகாது, பிடித்த இடமெல்லாம் தழும்பு. வழவழப்பான தட்டை முகம் உள்ள இரண்டு குறடுகள்தான் இந்த வேலைக்கு வேண்டும்.

புகாருக்கு வந்த பதில்களையும் பதிவு செய்கிறேன், உங்களுக்கும் இதே வரிசையில் வரலாம். பின்னல் நிற்கவில்லை என்றதற்கு, பழகப் பழகச் சரியாகிவிடும். அளவு ஒழுங்கில்லை என்றதற்கு, கையால் செய்த பொருளில் சிறு வேறுபாடு இயல்பு. வெள்ளி இல்லை என்றதற்குக் காந்தக் கதை. கடைசியில், பையைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது. பிரிக்காமல் வளையத்தை எப்படி அளப்பது என்று கேட்டேன், அதற்கு மட்டும் பதில் இல்லை. பிறகு வெட்டுமுகத்தின் படத்தையும், தராசு எண்களையும், காலிப்பர் அளவுகளையும் வைத்து, பணம் கட்டிய நிறுவனத்திடம் முறையிட்டேன். உடனே விற்பனையாளரின் குரல் மாறிவிட்டது: எதிர்மறை விமர்சனத்தை நீக்கினால் பாதிப் பணம் தருகிறாராம். மறுத்துவிட்டேன். முழுப் பணமும் வந்தது. ‘தரம் மோசம்’ என்று எழுதியிருந்தால் வந்திருக்காது, அது அபிப்பிராயம் என்று ஒதுக்கியிருப்பார்கள். சொன்ன உலோகம் வேறு, வந்த உலோகம் வேறு என்று எண்களோடு எழுதியதுதான் எடுபட்டது.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் கிட் பக்கம் போகாமல் வளையத்தையும் குறடுகளையும் தனித்தனியாக வாங்குங்கள். உலோகம், கம்பித் தடிமன் மி.மீ.யில், உள்விட்டம் மி.மீ.யில், ரம்ப வெட்டா இல்லையா என்ற நான்கையும் எழுதாதவரிடம் கேட்டுப் பாருங்கள். சொல்லத் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். முதல் சங்கிலிக்கு வெள்ளியே வேண்டாம் என்பேன். அலுமினியம் மென்மை, விரல் வலிக்காது, வீணானாலும் மனம் வலிக்காது. சாதா அலுமினியம் தோலில் கறுப்பாக ஒட்டும், ஆனோடைஸ் செய்ததில், அதாவது மின்சாரத்தால் மேலே கெட்டியான படலம் ஏற்றியதில், அந்தத் தொல்லை இல்லை. பை வந்ததும் மொத்தமாகக் கொட்டாமல் ஒரு பிடி மட்டும் எடுத்து அளந்து, படம் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள். வளையத்தைத் திறக்கும்போது அகலமாக இழுக்காமல் ஒரு முனையை முன்னும் மற்றதைப் பின்னுமாகத் திருப்புங்கள், அது எந்தத் தாளிலும் இருக்கும்.

அந்த விளம்பரத்தை மறுபடியும் பார்த்தேன். ‘ஸ்டெர்லிங் சில்வர்’ என்பது ‘சில்வர் நிறம்’ என்று மாறியிருக்கிறது. விலையும் படமும் அப்படியே இருக்கின்றன. 6 மி.மீ. உள்ளளவா வெளியளவா என்று இன்னமும் போடவில்லை.