நம்மைக் காக்கும் 48: மூன்றாம் நாள் யார் பார்ப்பார்கள்?

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. மொத்தம் 81 வகைச் சிகிச்சைகள். ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் என்றிருந்த வரம்பு பிறகு 2 லட்சமானது. வருமானச் சான்று, காப்பீட்டு அட்டை, சொந்த மாநிலம் எதுவும் கேட்பதில்லை. குமரிமுனை பார்க்க வந்த வடநாட்டுக்காரர் கொட்டாரத்தில் அடிபட்டாலும் செல்லும். விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால் போதும். களியக்காவிளை தாண்டி கேரளத்துப் பாறசாலையில் விழுந்தால் செல்லாது, அங்கே 2025 மே மாதம் வந்த மத்திய அரசுத் திட்டத்தைக் கேட்க வேண்டும் (7 நாள், 1.5 லட்சம் வரை).

தென்னையிலிருந்து விழுந்தவருக்கும் கல்குவாரியில் கால் நசுங்கியவருக்கும் இதில் இடமில்லை. நம் குமரி மாவட்டத்துக்கு இது சின்னக் குறையல்ல.

திட்டத்துக்கு மதிப்பெண் போட்டால், முதல் நாளுக்கு ஐந்தில் நாலரை கொடுக்கலாம். யார் பணம் கட்டுவது என்ற பேச்சில் நேரம் போகாததே பெரிய லாபம். ரத்தப்போக்கை மட்டுப்படுத்தும் ட்ரானெக்சாமிக் அமில ஊசி 3 மணி நேரத்துக்குள் ஏற வேண்டும்: 10 நிமிடத்தில் 1 கிராம், அடுத்த 8 மணி நேரத்தில் இன்னொரு கிராம். தாமதித்துப் போட்டால் பலனில்லை, கெடுதலும் உண்டு. அதனால் கடுங்காயத்தோடு வழியிலுள்ள சின்ன ஆஸ்பத்திரியில் இறக்கித் தையல் போடுவதைவிட, 108-இலேயே நேராக ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவது மேல். ஸ்கேன், ரத்த வங்கி, அறுவை அரங்கு மூன்றும் ஒரே வளாகத்தில் கிடைக்கும்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிய உடைந்தால், முதல் அறுவையில் பெரும்பாலும் எலும்பை முழுதாகச் சேர்க்க மாட்டார்கள். ஆன்டிபயாடிக் ஊசி, டி.டி. (டெட்டனஸ் தடுப்பூசி), லிட்டர் கணக்கில் சலைன் விட்டுக் கழுவுதல், செத்த சதையை வெட்டி எடுத்தல், முறிவுக்கு மேலும் கீழும் எலும்பில் பின் (pin) அடித்து வெளியே கம்பி மாட்டுதல், அத்தோடு நிற்கும். "ஒழுங்கா ஆபரேஷன் பண்ணல" என்று சண்டை போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அழுக்குக் காயத்தை அன்றே மூடித் தைத்தால் சீழ் உள்ளேயே பிடிக்கும். காலைக் காப்பாற்றலாமா எடுப்பதா என்று முடிவு செய்ய கோவை கங்கா மருத்துவமனை உருவாக்கிய மதிப்பெண் முறை உண்டு. 14 வரை காப்பாற்றப் பார்ப்பார்கள், 17-ம் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் எடுக்க வேண்டி வரும். உங்கள் நோயாளிக்கு எத்தனை என்று டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

மூன்றாம் நாளுக்கு இரண்டுதான். உடம்பு கடிகாரம் பார்ப்பதில்லை. தொடை எலும்பு முறிந்தவருக்குக் கொழுப்புத் துகள்கள் நுரையீரலை அடைக்கும் ஆபத்து 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வருகிறது: மூச்சிரைப்பு, உளறல், நெஞ்சிலும் அக்குளிலும் சிவப்புப் புள்ளிகள். வயிற்றில் ரத்தம் கசிந்து பஞ்சு திணித்து வைத்தவருக்கு, அதை எடுக்கும் இரண்டாவது அறுவையும் இதே சமயத்தில்தான். மண்ணீரலை எடுத்தவருக்குத் தடுப்பூசிகள் சுமார் இரண்டு வாரம் கழித்து. அதை யாரும் நினைவூட்டாவிட்டால் விட்டுப்போகும். காலில் சதை மூடும் பிளாஸ்டிக் சர்ஜரி, நிரந்தர ராடு, பிசியோதெரபி எல்லாமே 48-க்கு வெளியே.

தனியார் மருத்துவமனையில் இருப்பவர் இரண்டாம் நாள் காலையிலேயே அடுத்த வழியை முடிவு செய்ய வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீடு 5 லட்சம் வரை உண்டு. அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் போகட்டும். அதுவும் இல்லையென்றால் கைக்காசு அல்லது அரசு மருத்துவமனை. மாற்றுவதற்கு முன் ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு நிலையாக இருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள்.

இந்த இடைவெளியில்தான் சிலர் கட்டுப் போடும் ஆசானிடம் கொண்டுபோகிறார்கள். வர்ம மரபில் நமக்குப் பெருமை உண்டு, சரி. ஆனால் வீங்கிய காலில் மூங்கில் பத்தை வைத்து இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று சதை சாகும். விரலை அசைத்தாலே உயிர்போகிற வலி என்றால் கட்டை உடனே அவிழ்க்க வேண்டும். ஆறு மணி நேரம் கடந்தால் சதையை மீட்பது கடினம். முழங்கை முறிவில் எண்ணெய் போட்டு உருவினால் மூட்டைச் சுற்றியுள்ள சதைக்குள் எலும்பு வளர்ந்து கை மடங்காமல் போகலாம்.

வெளியே வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. அறுவைக் குறிப்பு, ஸ்கேன் சிடி, ஏ.ஆர். காப்பி (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்) மூன்றையும் கேட்டு வாங்குங்கள். இழப்பீட்டு வழக்குக்கு ஏ.ஆர். காப்பி முக்கியம். பிளேட், ராடு வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கரையும் விடாதீர்கள். பிறகு அதைக் கழற்றும்போது எந்தக் கம்பெனி என்று தெரிந்தால்தான் பொருத்தமான ஸ்குரூடிரைவரை வரவழைக்க முடியும்.