யூஏஎஸ் தகராறு: கேஸை மாற்றுவதா, பூட் வரியில் ஒரு குவிர்க் எழுதுவதா?

கீழக்கரையில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவுக்கு ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் சின்ன ஃபைல் சர்வர் போட்டுக் கொடுத்தேன். எஸ்எஸ்டி டிஸ்க் வெளியே, அதை யூஎஸ்பியில் இணைக்கும் சிப் உள்ள கேஸில். பெரிய ஃபைல் ஏறும்போது டிஸ்க் அரை நிமிடம் அப்படியே நின்று, ரீசெட் ஆகி, மறுபடி ஓடும். லினக்ஸின் மையமான கர்னல் எழுதும் லாகில், யூஏஎஸ் (யூஎஸ்பி டிஸ்க்கோடு பேசும் புதிய முறை) கட்டளை பாதியில் கைவிடப்பட்டதைச் சொல்லும் அபார்ட் வரிகள் அடுக்கடுக்காக விழுந்திருந்தன.

இதற்கு வழி மூன்று. வேறு சிப் உள்ள கேஸ் வாங்கலாம். தொடங்கும்போது கர்னல் படிக்கும் பூட் வரியில் குவிர்க் (ஒரு குறிப்பிட்ட சாதனத்துக்கான விதிவிலக்கு) எழுதி, அந்தக் கேஸுக்கு மட்டும் யூஏஎஸ்ஸை நிறுத்தலாம். கர்னல் சோர்ஸைத் திருத்தி நாமே கம்பைல் செய்யலாம். நான் எடுத்தது இரண்டாவது. யார் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வேன்.

அதற்கு முன் கேபிளையும் கரண்டையும் பார்த்துவிட வேண்டும். நம் கரையில் உப்புக்காற்று கனெக்டர் பின்களைச் சும்மா விடாது. பின் அரித்தாலும் இதே ரீசெட்தான் வரும். பை 4-இன் நான்கு யூஎஸ்பி போர்ட்டும் சேர்ந்து தருவது 1.2 ஆம்பியர்தான். இரண்டு டிஸ்க்கை அதில் தொங்கவிட்டு டிரைவரைத் திட்டுவது நியாயமில்லை.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. யூஏஎஸ் பல கட்டளைகளை ஒரே நேரத்தில் வரிசையில் வைக்கும். அதை நிறுத்தினால் வரும் பழைய பல்க்-ஒன்லி முறையில் ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. சின்னச் சின்ன ஃபைல்களில் வித்தியாசம் தெரியும். ஸ்டூடியோவில் எல்லாம் கிகாபிட் நெட்வொர்க் வழியாகப் போகிறது. அது நொடிக்கு 110 எம்பி வாக்கில் முட்டி நின்றுவிடும். டிஸ்க் இரண்டு முறையிலும் அதைத் தாண்டும். அதே டிஸ்க்கில் டேட்டாபேஸ் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்துமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. நான் பக்கத்தில் இல்லாத நாளில் போட்ட திருத்தம் என்ன ஆகும்?

கம்பைல் செய்த கர்னல் அடுத்த அப்டேட்டிலேயே ஓரங்கட்டப்படும். புதுக் கர்னல் வந்து உட்காரும், நம் திருத்தம் அதில் இருக்காது, பழைய கோளாறு சத்தமில்லாமல் திரும்பும். அப்டேட்டைப் பூட்டி வைத்தால் பாதுகாப்புத் திருத்தங்களும் வராது.

கேஸ் விஷயத்தில், “புதுசா ஒண்ணு வாங்கிட்டா முடிஞ்சுதுல்ல தம்பி?” என்றுதான் ஸ்டூடியோ காக்காவும் (அண்ணன்) கேட்டார். “உள்ளே என்ன சிப்புன்னு அட்டையில போட மாட்டாங்க காக்கா” என்றேன். சாதனம் யூஎஸ்பியில் சொல்லும் அடையாள எண்ணை வைத்தும் எப்போதும் பிரிக்க முடியாது. ஏஸ்மீடியா 1051, 1053, 1153 என்ற சிப்புகள் அடையாள எண்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் லினக்ஸ் டிரைவர், சிப் எத்தனை ஸ்ட்ரீம் (ஒரே நேரத்தில் ஓடும் தரவுப் பாதை) தருகிறது, எவ்வளவு மின்சாரம் கேட்கிறது என்பதை வைத்து ஆளை அடையாளம் காண்கிறது. டிரைவர் எழுதுகிறவர்களுக்கே இந்தப் பாடு என்றால், ராமநாதபுரம் கடையில் அட்டைப்பெட்டியைப் பார்த்து நாம் எதைக் கண்டுபிடிப்பது?

குவிர்க் என்பது ஒரே வரி. யூஎஸ்பி-ஸ்டோரேஜ் டிரைவரின் குவிர்க்ஸ் பாராமீட்டரில் வெண்டர் எண், புராடக்ட் எண், கடைசியில் ‘யூ’ (u) என்ற எழுத்து. கர்னல் மாறினாலும் வரி அப்படியே இருக்கும். பை-யின் பூட் பார்ட்டிஷன் ஃபேட் வகை என்பதால், பெட்டி பூட் ஆகாவிட்டால்கூட எஸ்டி கார்டைக் கழற்றி ஸ்டூடியோவின் விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகி, நான் போனில் சொல்லச் சொல்ல அவர்களே திருத்திவிடலாம். நாளைக்கு வேறு கேஸ் வந்தால் அந்த வரி சும்மா கிடக்கும், கெடுதல் இல்லை. ஒரே எண்ணுள்ள நல்ல கேஸ் வந்தால் அதற்கும் யூஏஎஸ் போய்விடும். அந்த இழப்பு உண்மைதான், இந்த இடத்தில் பரவாயில்லை.

எழுதும்போது கவனம் தேவை. பூட் வரி இருக்கும் கமாண்ட் லைன் ஃபைலில் எல்லாம் ஒரே வரியில் இருக்க வேண்டும். என்டர் தட்டிவிடக் கூடாது. பை-யில் இந்த டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருப்பதால் தனியே ஏறும் டிரைவர்களுக்கான மாட்யூல் ஆப்ஷன் ஃபைலில் எழுதினால் எடுபடாது. டெபியன் ஓடும் சாதாரணக் கம்ப்யூட்டரில் அங்கே எழுதலாம், கூடவே பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்க வேண்டும். ‘யூ’வுக்குப் பதில் ‘டி’ (t) போட்டால் யூஏஎஸ் ஓடும், ஆனால் டிஸ்க்குக்கு நேரடியாகக் கட்டளை அனுப்பும் ஏடிஏ பாஸ்-த்ரூ அடைபடும். டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்க்க முடியாது. கல்யாண வீடியோ வைத்திருக்கும் டிஸ்க்கில் அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ரீபூட் ஆனதும் யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை மர வடிவில் (lsusb -t) ஓட்டிப் பாருங்கள். டிரைவர் என்ற இடத்தில் யூஏஎஸ் போய் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் பெரும்பாலும் எண்ணில் ஒரு எழுத்து தவறியிருக்கும்.